வெளிச்செலவும் பள்ளிச்செலவும்: பேரரசுச் சட்டமன்றத்தில் கோகலே எழுப்பிய வினாக்கள் (1902–1912)

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய இந்தியாவின் பேரரசுச் சட்டமன்றத்தில் கோபால கிருஷ்ண கோகலே 1902 முதல் 1912 வரை அரசின் நிதிநிலை குறித்தும் தொடக்கக் கல்விச் செலவு குறித்தும் நிகழ்த்திய வாதங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய வருவாயிலிருந்து நாட்டெல்லைக்கு அப்பால் சென்ற செலவுக்கும் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்கும் இடையிலான உறவே அவ்வாதங்களின் அடித்தளம் என்பது இதன் கருதுகோள். 1911ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வி மசோதாவின் தோல்வியைத் தனித்த நிகழ்வாகப் பார்க்காமல், பணத்தின் மீது அதிகாரமற்ற ஓர் உறுப்பினர் பணத்தைப் பற்றிப் பேசிய பத்தாண்டு முயற்சியின் பகுதியாகக் கட்டுரை அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: கோகலே, பேரரசுச் சட்டமன்றம், தொடக்கக் கல்வி, இராணுவச் செலவு, வெல்பி ஆணையம், சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம்.

வினா என்னும் கருவி

1861ஆம் ஆண்டு இந்திய மன்றங்கள் சட்டத்தின்படி அமைந்த சட்டமன்றம் சட்டம் இயற்ற மட்டுமே கூடியது. அரசின் நடவடிக்கை பற்றி உறுப்பினர் வினா எழுப்ப அதில் இடமில்லை. புதிய வரி விதிக்கும் மசோதா வந்தாலன்றி நிதிநிலை குறித்துப் பேசவும் வாய்ப்பில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையைச் சற்றே தளர்த்தியது. முன்னறிவிப்புக் கொடுத்து வினா எழுப்பலாம். ஆண்டு வரவு செலவு அறிக்கையின் மீது பேசலாம். ஆனால் அறிக்கையின் எந்த இனத்தின் மீதும் வாக்கெடுப்பு இல்லை. தரப்பட்ட விடை போதாதென்று துணை வினா எழுப்பவும் இயலாது. அரசு சொல்வதைச் சொல்லும். உறுப்பினர் அமர்ந்துகொள்ள வேண்டும்.

1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லிச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. வினாவை எழுப்பியவரே துணை வினா எழுப்பலாம். பொதுநலன் குறித்த தீர்மானம் கொண்டுவரலாம். அதன்மீது வாக்கெடுப்பும் கோரலாம். எனினும் தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்குப் பரிந்துரை மட்டுமே. மன்றத்திலும் அரசு அலுவலரின் பெரும்பான்மை விடாமல் காக்கப்பட்டது.

கோகலே 1866இல் இரத்தினகிரி மாவட்டத்துக் கோத்லுக் சிற்றூரில் பிறந்தவர். புனே பெர்கூசன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். கணக்குப் பாடநூல் எழுதியவர். பம்பாய்ச் சட்டமன்றத்தில் சில காலம் இருந்தபின், பெரோஸ்ஷா மேத்தாவின் இடத்திற்குப் பேரரசுச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவரது புள்ளிவிவரங்களுக்குப் பின்னால் கணேஷ் வியங்கடேஷ் ஜோஷி என்னும் பள்ளித் தலைமையாசிரியரின் உழைப்பு இருந்தது. அரசின் நீல நூல்களையும் கணக்கு அறிக்கைகளையும் வரிவரியாகப் படித்து, ஓர் ஆண்டின் எண்ணை மற்றோர் ஆண்டின் எண்ணோடு பொருத்திப் பார்க்கும் பயிற்சி கோகலேவுக்கு இரானடேயிடமும் ஜோஷியிடமும் வாய்த்தது. அரசின் நிதிநிலையை அரசின் எண்களாலேயே மறுக்கும் அவரது முறை இங்கிருந்து பிறந்தது. நாவன்மையைக் காட்டிலும் இம்முறையே அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது.

உபரியின் பொருள்

1902 மார்ச் 26 அன்று கோகலே நிகழ்த்திய முதல் வரவு செலவு உரை, அந்த அவையில் வழக்கமாகக் கேட்கப்பட்டுவந்த பாராட்டுரைகளிலிருந்து முற்றிலும் விலகி நின்றது. தொடர்ந்து நான்கு ஆண்டுகளாக அரசின் கணக்கில் உபரி காணப்பட்டது. 1896–97, 1899–1900 ஆகிய ஆண்டுகளின் கொடும் பஞ்சங்களை நாடு கண்டிருந்த காலம் அது. பஞ்சத்திற்குப் பிறகும் உபரி கிடைப்பது நாட்டின் வளத்தைக் காட்டுகிறது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். உபரி வளத்தின் அடையாளமன்று, தேவைக்கு மேல் வரி வாங்கப்படுவதன் அடையாளம் என்பது கோகலேயின் மறுப்பு.

இம்மறுப்பின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது தகும். பின்னர் எழுந்த பள்ளிச் செலவு வாதம் முழுவதும் இதன்மீதே நிற்கிறது. ‘ஹோம் சார்ஜஸ்’ எனப்பட்ட இலண்டன் செலவுகளை இந்தியா ஆண்டுதோறும் பவுண்டில் செலுத்தியது. கடனுக்கான வட்டி, இரயில்வே உத்தரவாதத் தொகை, ஓய்வூதியம், இந்திய அலுவலகச் செலவு, இராணுவக் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொகை ஏறத்தாழ 1.7 கோடி பவுண்டு. வரியோ ரூபாயில் வசூலானது. 1890களின் நடுவில் ரூபாயின் மதிப்பு ஏறக்குறைய 13 பென்சுக்கு வீழ்ந்தது. அந்த மதிப்பில் 1.7 கோடி பவுண்டு அனுப்ப ஏறத்தாழ 31.4 கோடி ரூபாய் வேண்டும். 1893இல் நாணயச் சாலைகள் தனியாருக்கு மூடப்பட்டதன் விளைவாக அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ரூபாய் 16 பென்சில் நிலைபெற்றது. அதே தொகையை அனுப்ப இப்போது 25.5 கோடி ரூபாய் போதும். வேறெதுவும் மாறாத நிலையிலேயே ஆண்டுக்கு ஆறு கோடி ரூபாயை நெருங்கும் தொகை அரசின் கையில் மிஞ்சுகிறது. ரூபாய் வீழ்ந்த காலத்து இழப்பை ஈடுகட்ட உயர்த்திய வரிகள் மட்டும் குறைக்கப்படவில்லை. அவ்வாறு உயர்ந்தவற்றுள் உப்பு வரியும் ஒன்று. 1888இல் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்ந்தது அப்படியே நின்றது.

உபரியின் தோற்றுவாயை இவ்வாறு காட்டியபின் எழும் வினா எளியது: இப்பணம் யாருக்குத் திரும்ப வேண்டும்? ஒரு வழி வரிக்குறைப்பு. மற்றொன்று மக்களுக்குப் பயன்படும் செலவு. கோகலே இரண்டையும் கேட்டார். உப்பு வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. 1903இல் வருமான வரி விலக்கு வரம்பு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. இவை அவரது உரைகளின் நேரடி விளைவுகள் என்று சொல்வது மிகை. காங்கிரசும் இதழ்களும் நெடுநாள் கேட்டவை அவை. ஆயினும் வாக்குரிமையற்ற அவையில் எழுப்பப்பட்ட வினா வீண்போகவில்லை என்று கருத இது இடமளித்தது. வரிக்குறைப்பில் ஓரளவு இணங்கிய அரசு, கல்விச் செலவில் அவ்வாறு இணங்கவில்லை.

எல்லைக்கு அப்பால் சென்ற பணம்

அரசின் முதன்மைச் செலவு இராணுவம். அதன் ஒரு பகுதி இந்தியாவின் பாதுகாப்புக்குத் தொடர்பற்றது என்பது கோகலே மன்றத்துக்கு வருமுன்பே எழுந்த வழக்கு. 1867–68 அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்ற இந்தியப் படையின் வழக்கமான ஊதியத்தை இந்தியாவே ஏற்றது. 1882 எகிப்துப் படையெடுப்பில் இந்தியா ஏற்ற செலவுக்குப் பிரித்தானியக் கருவூலம் ஐந்து இலட்சம் பவுண்டு மட்டும் ஈடு தந்தது. 1896இல் சுவாக்கினுக்கு அனுப்பப்பட்ட படையின் வழக்கமான செலவும் இந்தியாவின் தலையிலேயே விழுந்தது.

இந்தியச் செலவுகளை ஆராயவும், இரு நாடுகளுக்கும் பொதுவான நோக்கங்களின் செலவைப் பங்கிடவும் 1895இல் வெல்பி பிரபுவின் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. தாதாபாய் நௌரோஜி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். 1897இல் இலண்டன் சென்று சாட்சியளித்த இந்தியர் நால்வர்: பம்பாயிலிருந்து தின்ஷா வாச்சா, வங்கத்திலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜி, சென்னையிலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயர், புனேவிலிருந்து கோகலே. ‘சுதேசமித்திரன்’ நிறுவனரான சுப்பிரமணிய ஐயரின் சாட்சியத்தைத் தமிழ் இதழியல் வரலாறு குறிப்பிடுகிறது. ஆனால் அதே மேசையின் முன் அமர்ந்த நால்வரின் வாதங்களையும் ஒருசேர வைத்துப் படிக்கும் ஆய்வு தமிழில் போதிய அளவு நடைபெறவில்லை.

1858ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, படையெடுப்பைத் தடுப்பது முதலிய திடீர் அவசரத் தேவைகள் தவிர வேறெதற்கும், இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் இராணுவ நடவடிக்கையின் செலவைப் பிரித்தானிய நாடாளுமன்ற இரு அவைகளின் இசைவின்றி இந்திய வருவாயில் ஏற்றக்கூடாது என்றது. இந்திய வரிசெலுத்துவோருக்கு இது ஒரு காப்பு எனத் தோன்றும். 1903–04 திபெத் படையெடுப்பு அதன் வலுவைக் காட்டிவிட்டது. யங்ஹஸ்பண்டின் படை 1903 டிசம்பரில் எல்லையைக் கடந்தது. நாடாளுமன்றத்தின் இசைவு 1904 ஏப்ரலில் வந்தது. இசைவு தந்த அவை ஒரு பென்சும் தரவில்லை. பணம் தந்த நாட்டின் மன்றத்தில் வாக்கெடுப்பு என்பதே இல்லை. இழப்பீடாகத் திபெத் 75 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று லாசாவில் எழுதப்பட்ட உடன்படிக்கைத் தொகையும் பின்னர் இலண்டனின் விருப்பப்படி 25 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

இந்தியப் படையின் அளவு பேரரசின் தேவையை ஒட்டியே தீர்மானிக்கப்படுகிறது, ஆகவே செலவில் ஒரு பங்கைப் பிரித்தானியா ஏற்க வேண்டும் என்ற கோகலேயின் தொடர்ந்த வாதத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். படையே வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. செலவின் வரிசைமுறையைக் கேட்டார். படைத்தலைவர் கிச்சனரின் சீரமைப்புத் திட்டத்துக்குப் பணம் உண்டு. இரயில் பாதை விரிவுக்குப் பணம் உண்டு. பள்ளி என்றவுடன் நிதிநிலை நெருக்கடியாகிறது. கர்சனின் அரசே 1904 மார்ச்சில் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானத்தில், ஐந்து ஊர்களில் நான்கில் பள்ளி இல்லை, நான்கு சிறுவரில் மூவர் கல்வியின்றி வளர்கின்றனர், நாற்பது சிறுமியரில் ஒருத்தியே பள்ளி செல்கிறாள் என்று ஒப்புக்கொண்டிருந்தது. அரசின் வாக்குமூலமே கோகலேயின் சான்றாயிற்று.

வாக்குறுதியும் இரு தீர்மானங்களும்

1906இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்குவது குறித்து மாகாண அரசுகளின் கருத்தைக் கேட்டு இந்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த ஆண்டு நிதி உறுப்பினர் பேக்கரின் உரை நம்பிக்கையூட்டும் வகையில் அமைந்தது. அதன்பின் பேச்சே இல்லை. சீனாவுடன் 1907இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அபினி ஏற்றுமதி ஆண்டுதோறும் குறைய இருந்தது. அந்த வருவாய் இழப்பு நிதித்துறையின் முன் பெரிதாக நின்றது. இவ்வாறு சத்தமின்றி மறையும் வாக்குறுதிகளை மீண்டும் அவையின் பதிவுக்குக் கொண்டுவருவதே வினா உரிமையின் உண்மையான பயன். கோகலே அதனைச் செய்தார்.

புதிய சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் 1910இல் அவர் கொண்டுவந்த இரு தீர்மானங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அரசின் போக்குத் தெளிவாகும். பிப்ரவரி 25 அன்று, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்யும் அதிகாரம் கோரும் தீர்மானம். சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையாகக் கப்பலேறிய வழி அது. அரசு ஏற்றுக்கொண்டது, 1911 ஜூலை முதல் அவ்வழி மூடப்பட்டது. மூன்று வாரங்களில், மார்ச் 18 அன்று, தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கும் பணியைத் தொடங்கவும், அலுவலரும் அலுவலர் அல்லாதாரும் கலந்த ஆணையம் அமைக்கவும் கோரும் தீர்மானம். ஆராய்வதாக அரசு உறுதியளித்ததன்பேரில் அதனை அவர் திரும்பப் பெற்றார். முதல் தீர்மானம் கருவூலத்திடம் எதையும் கேட்கவில்லை, இரண்டாவது கேட்டது. வேறுபாட்டுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நேட்டால் விவகாரத்தில் இந்திய அரசுக்கே மனத்தாங்கல் இருந்தது. எனினும் பணத்தின் பங்கைப் புறக்கணிப்பதும் பொருந்தாது.

அவ்வாண்டு நவம்பரில் கல்விக்கெனத் தனித்துறை உருவானது. ஹார்கோர்ட் பட்லர் அதன் முதல் உறுப்பினர். ஆணையம் கேட்டவருக்குத் துறை கிடைத்தது. இனி வினாவுக்கு விடையளிக்க ஒரு முகமாவது இருந்தது.

மசோதா

1911 மார்ச் 16 அன்று கோகலே தொடக்கக் கல்வி மசோதாவை அறிமுகம் செய்தார். இங்கிலாந்தின் 1870, 1876ஆம் ஆண்டுச் சட்டங்களையும் அயர்லாந்தின் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பின்பற்றி வகுக்கப்பட்ட அம்மசோதா, படித்துப் பார்க்கும் எவரையும் அதன் அடக்கத்தால் வியக்கவைக்கும். கட்டாயம் நாடு முழுவதற்கும் இல்லை. பள்ளி வருகை குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டிய பகுதியில், உள்ளாட்சி அமைப்பு விரும்பினால், மாகாண அரசின் முன்னிசைவோடு அதனைக் கொண்டுவரலாம். ஆறு முதல் பத்து வயதுச் சிறுவர்க்கு மட்டும். சிறுமியர்க்குப் பின்னர் விரிக்கலாம். மாத வருமானம் பத்து ரூபாய்க்குக் குறைந்த பெற்றோரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. உள்ளாட்சி அமைப்பு கல்வி வரி விதிக்கலாம். செலவில் மூன்றில் இரு பங்கை அரசும் ஒரு பங்கை உள்ளாட்சியும் ஏற்க வேண்டும் என்பது அவரது எண்ணம்.

அறிமுக உரையில் அவர் அடுக்கிய ஒப்பீடு பலமுறை எடுத்தாளப்பட்டது. மக்கள்தொகையில் தொடக்கப் பள்ளி மாணவரின் விகிதம் அமெரிக்காவில் நூற்றுக்கு 21, ஜப்பானில் 11, பிரித்தானிய இந்தியாவில் 1.9. தலைக்கு ஆண்டுச் செலவு அமெரிக்காவில் 16 ஷில்லிங். இங்கிலாந்திலும் வேல்சிலும் 10 ஷில்லிங். ஐரோப்பாவில் பின்தங்கியதாகக் கருதப்பட்ட இரஷ்யாவில் ஏழரைப் பென்சு. இந்தியாவில் ஏறக்குறைய ஒரு பென்சு. அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு பென்சு என்பது ஓர் அணா. ஆண்டுக்கு ஓர் அணா. இந்தியா ஏழை நாடு, அதனால் ஒப்பீடு பொருந்தாது என்ற மறுப்புக்கு அவரிடமிருந்த விடை இந்தியாவுக்குள்ளேயே இருந்தது. பரோடாவில் சாயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் அம்ரேலி வட்டத்தில் கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906இல் நாடு முழுமைக்கும் விரித்திருந்தார். அதே மண், அதே மக்கள், அதே வறுமை. ஆள்வோர் மட்டும் வேறு. அரசுத் தரப்பால் எளிதில் கடக்க முடியாத வாதம் இதுதான்.

மசோதா மாகாண அரசுகளின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. ஏறக்குறைய எல்லாமே எதிராக எழுதின. இதற்கிடையில் 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில், மக்கள் கல்விக்கு 50 இலட்சம் ரூபாய் ஒதுக்குவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கொடையாக அறிவிக்கப்பட்டது. இந்திய வருவாயிலிருந்தே தரப்படும் பணம் மன்னரின் கொடையாக மாறியது கவனத்துக்குரியது. வாக்கெடுப்புக்கு உட்பட்ட உரிமையாகக் கேட்கப்பட்டது அருளாகத் தரப்பட்டது.

1912 மார்ச் 18, 19 ஆகிய நாள்களில், மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் முன்மொழிவின்மீது விவாதம் நடந்தது. கட்டாயத்தை மக்கள் கேட்கவில்லை. கட்டாயமின்றிப் பள்ளிகளைப் பெருக்குவதே முதற்பணி. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. பணம் இல்லை என்பன பட்லர் முதலியோரின் வாதங்கள். இவற்றுள் ஆசிரியர் பற்றாக்குறை மெய்யானது; அதை மறைப்பதற்கில்லை. பணத்தைப் பற்றிய வாதத்துக்குக் கோகலே நேரடியான விடை வைத்திருந்தார்: இறக்குமதிச் சுங்கத்தை நூற்றுக்கு 5இலிருந்து 7½ ஆக உயர்த்தலாம். மாளவியா, பூபேந்திரநாத் பாசு, மஜருல் ஹக், ஜின்னா ஆகியோர் ஆதரித்தனர். முன்மொழிவு 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் வீழ்ந்தது.

அலுவலர் பெரும்பான்மையே மசோதாவை வீழ்த்தியது என்று பாடநூல்கள் எழுதுவதுண்டு. அது பாதி உண்மை. மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 27 பேர். ஆதரவு வாக்குகள் பதின்மூன்றும் அவர்களுடையவை என்றே வைத்துக்கொண்டாலும் அது பாதிக்கும் குறைவு. நிலக்கிழார் தொகுதிகளும் வணிகர் அவைகளும் அனுப்பிய உறுப்பினருக்கு உழவர் பிள்ளை பள்ளி செல்வதில் அவசரம் இல்லை. புதிய வரி என்ற சொல்லில் அச்சம் இருந்தது. பஞ்சாபின் உமர் ஹயாத் கான் போன்றோர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். அந்நிய ஆட்சி ஒருபுறமும் இந்தியர் மறுபுறமும் நின்றதாக இவ்விவாதத்தைச் சித்திரிப்பது, அவைக்குள் இருந்த வர்க்கப் பிளவை மறைத்துவிடும்.

மசோதாவின் எல்லைகளும் குறிக்கத்தக்கவை. வயது, வருகை, தூரம், கட்டணம் ஆகியவை அதன் அளவுகோல்கள். சாதி அவற்றுள் ஒன்றன்று. எட்டும் தொலைவில் பள்ளி இருந்தும் அதன் வாயிலில் தடுக்கப்படும் குழந்தைக்கு வருகை விழுக்காடு எதையும் செய்யாது. சிறுமியரைப் பின்னுக்குத் தள்ளியதும் தந்திரத்தின் பொருட்டே எனினும், 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர் என்பதை அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தோல்வியின்போது கோகலே மனம் தளரவில்லை. தம் தலைமுறையினர் நாட்டுக்குத் தம் தோல்விகளால்தான் தொண்டாற்ற முடியும் என்ற கருத்தை அவையிலேயே வெளியிட்டார். இதனைப் பணிவின் மொழியாக மட்டும் கொள்வதற்கில்லை. 1913 பிப்ரவரி 21 அன்று அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் கட்டாயத்தை மறுத்தபோதே தொடக்கக் கல்வி விரிவை ஏற்றுக்கொண்டு பேசியது. மறுக்கவாவது விரிவாகப் பேச வேண்டிய நிலைக்கு அரசு வந்திருந்தது.

நூற்றுக்கு ஏழரை

கோகலே 1915 பிப்ரவரி 19 அன்று மறைந்தார். அவர் கேட்ட சுங்க உயர்வு அடுத்த ஆண்டே வந்தது. 1916இல் பொது இறக்குமதிச் சுங்கம் நூற்றுக்கு 5இலிருந்து 7½ ஆயிற்று; அதே அளவு, அதே எண். காரணம் பள்ளியன்று, போர். 1917 மார்ச்சில், பிரித்தானியாவின் போர்ச் செலவுக்கு இந்தியா பத்துக் கோடி பவுண்டு நன்கொடையாகத் தரும் என்று அறிவிக்கப்பட்டது. பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற கணக்கில் அது 150 கோடி ரூபாய். பருத்தித் துணிகளின் இறக்குமதிச் சுங்கமும் மூன்றரையிலிருந்து ஏழரையாக உயர்ந்தது. லங்காசயரின் எதிர்ப்பையும் மீறி அது நிகழ்ந்தது என்பது, வேண்டுமென்றால் எது இயலும் என்பதற்கு மற்றொரு சான்று.

ஒருமுறைக் கொடையை ஆண்டுதோறும் ஆகும் பள்ளிச் செலவோடு நேருக்கு நேர் நிறுத்துவது முறையான ஒப்பீடன்று. கொடைத்தொகை பெரிதும் போர்க் கடன் வழியாகத் திரட்டப்பட்டது. ஆகவே வட்டியோடு ஒப்பிடுவதே பொருந்தும். நூற்றுக்கு ஐந்து என்று கொண்டால் ஆண்டு வட்டி மட்டும் ஏழரைக் கோடி. 1911 தர்பார் அறிவிப்பின் 50 இலட்சத்தைப் போல் பதினைந்து மடங்கு. போர்க்காலத்தையும் அமைதிக்காலத்தையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்ற மறுப்பு எழலாம். ஆனால் 1912இல் அரசு சொன்னது, இது தகுந்த காலமன்று என்பது மட்டுமன்று. நாட்டின் வரிசுமக்கும் வலிமை அவ்வளவுதான் என்பதும் ஆகும். அந்த இரண்டாவது கூற்று ஐந்தாண்டு நிற்கவில்லை.

சென்னையில் தொடர்ச்சி

கோகலேயின் உரைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டவர் சென்னையின் ஜி. ஏ. நடேசன். கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை அவருக்குப்பின் ஏற்றவர் வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. எனவே மசோதாவின் வாதங்கள் சென்னை மாகாணத்துக்குப் புதியவை அல்ல. பம்பாயில் வித்தல்பாய் படேலின் முயற்சியால் 1918இல் நகராட்சிகளுக்கான கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பிற மாகாணங்கள் தொடர்ந்தன. 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சியின் விருப்பம், அரசின் முன்னிசைவு, கல்வி வரி என்னும் மூன்று தூண்களும் 1911 மசோதாவிலிருந்தவையே. கூடவே, தொடக்கக் கல்வி நிதி என்ற தனிக் கணக்கும், அதிலிருந்து எதற்குச் செலவிடலாம் என்ற வரையறையும் வந்தன.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரட்டையாட்சியில் கல்வி, மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் வந்தது. நிதியோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கப்பட்ட துறையாக நின்றது. பள்ளியைப் பற்றிக் கேட்டால் விடையளிக்க அமைச்சர் உண்டு. பணத்தைப் பற்றிக் கேட்டால் அவர் வேறொருவரைக் காட்ட வேண்டும். கோகலே காலத்து முடிச்சு அவிழாமல் இடம் மட்டும் மாறியது.

அதன் விளைவு சென்னை நகரிலேயே காணக் கிடைத்தது. 1920 செப்டம்பரில், பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி மாணவர்க்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்க ஒப்புதல் அளித்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்க்கச் சட்டத்தின் கட்டாயப் பிரிவால் ஆகாததை உணவு செய்யக்கூடும் என்ற கணிப்பு அதில் இருந்தது. உணவுச் செலவு தொடக்கக் கல்வி நிதியில் ஏற்கத்தக்கதன்று என்று அரசு மறுத்ததால், 1925 ஏப்ரல் 1 முதல் அது நின்றது. இடையறாத முறையீடுகளின்பின், ஏறத்தாழ ஆயிரம் ஏழை மாணவர்க்கு அதனை மீண்டும் வழங்க 1927இல் இசைவு கிடைத்தது.